முத்தி வரிசை

அடுத்த வாய். குனிகிறது, கண்ணாடியில் படுகிறது, நிமிர்கிறது. துடைக்கிறேன். அடுத்தது. புனிதர் முடியப்பர் திருநாளன்று சாயங்காலப் பூசை முடிந்தால் எங்கள் கோயிலில் இதுதான் நடக்கும். பீடத்தின் கீழ்ப்படியில் சாமியார் அருளிக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், சனம் வரிசையாய் வந்து முத்தி செய்யும், பக்கத்தில் நான் துணியோடு நிற்பேன். ஒரு வாய்க்கு ஒரு துடைப்பு. துறைமுகத்தில் கயிறு சுற்றிச் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டின வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த வருசத்திலிருந்து நான்தான் துடைக்கிறேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. துணி சும்மா கிடந்தது, எடுத்தேன். அருளிக்கம் என்றால் உள்ளே இருக்கிற முடியப்பரின் எலும்பு. எங்கள் ஊரில் எலும்புக்கும் அது இருக்கிற வெள்ளிப் பாத்திரத்துக்கும் ஒரே பேர்தான். எலும்பு அரிசிக் குறுணை அளவு. பாத்திரம் முழங்கை உயரம். சூரியனைப் போல சுற்றிலும் கதிர், பொன்முலாம், கதிருக்குக் கதிர் நடுவில் சம்மனசுகளின், தேவதூதர்களின், தலை. தலை மட்டும்தான், கழுத்துக்குக் கீழே நேரே இறக்கை. சிவப்புக் கல் இருந்த இடத்தில் இரண்டு குழி. நடுவே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டக் கண்ணாடி. காலையில் பல்பொடி போட்டு நான்தான் தேய்த்தேன். பல்பொடி மாதிரி வெள்ளிக்கு வேறு எதுவும் வராது. இவ்வளவு பெரிய சூரியனைச் செய்து நடுவில் ஒரு குறுணையை வைத்தவன் லேசுப்பட்டவன் இல்லை. அடுத்தது. பீடி வாய். அடுத்தது. மீசை, கண்ணாடியில் எண்ணெய் தீற்றிவிட்டுப் போகிறது. அடுத்தது. கைப்பிள்ளை, முத்தி செய்யச் சொன்னால் நக்குகிறது. அதன் ஆத்தாள் சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கழுத்து நிமிராது, கண் கண்ணாடி மட்டத்தில்தான் நிற்கும், அதனால் முகம் தெரியாது. வாய்தான். ஊர் முழுவதையும் வாயாலேயே அடையாளம் சொல்லுவேன். இன்றைக்கு ஒரு வாய் வரவேண்டும். வருமா, தெரியவில்லை. வரவேண்டும் என்றும் இருக்கிறது, வந்துவிடக்கூடாது என்றும் இருக்கிறது.

காலையில் நான் கதிரைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மெற்றி பின்னால் வந்து நின்றாள். மெற்றில்டா, என் பெண்டாட்டி. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, இன்னைக்கு நானுந்தான் என்றாள். சரி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பிறகு கதிரில் ஒன்றைத் தேய்த்த இடத்திலேயே திருப்பித் திருப்பித் தேய்த்திருக்கிறேன், முலாம் வெளுத்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் தொடங்குவதற்கு முன்னே அவளுக்கு வாயில் அறுத்தார்கள். வெற்றிலை, புகையிலை, அது செய்த வேலை. கீழ் உதடும், தாடையில் ஒரு பக்கமும் போயிற்று. தொடையில் சதை எடுத்துத் தைத்திருக்கிறது. அந்தச் சதைக்குத் தான் தொடை என்பது இன்னும் மறக்கவில்லை போல, அசையாது, சும்மா இருக்கும். வாய் மூடாது. எச்சில் நிற்காது. சேலைத் தலைப்புக்குள் ஒரு துண்டு வைத்திருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் வாசலில் நின்றவளைப் பார்த்து ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. அன்றைக்கு உள்ளே போனவள்தான். பூசைக்குக்கூட வரவில்லை, வீட்டிலிருந்தே ஒலிபெருக்கியில் கேட்டாள். அதற்குப் பிறகு என்னைத் தவிர ஊரில் யாரும் அந்த வாயைப் பார்த்ததில்லை. இன்றைக்கு நானுந்தான் என்கிறாள். முத்தி செய்ய வேண்டுமென்றால் துண்டை எடுக்க வேண்டும். ஊர் முன்னால். அடுத்தது. சாயம் போட்ட வாய், கல்யாணமாகி வெளியூர் போன பிள்ளை. இரண்டு தரம் துடைத்தேன். சாமியார் கை மாற்றிக்கொள்கிறார். சின்ன வயசு, மலைப்பக்கத்து ஆள், இந்த உப்புக் காற்றுக்குப் புதுசு. வந்ததும் வைத்த முதல் பிரசங்கத்தில் ஸ்தேவான், ஸ்தேவான் என்று அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்து சனமெல்லாம் குறைப்பட்டது, யாரோ ஸ்தேவானைப் பத்தியே பேசிட்டுப் போறாரு, நம்ம முடியப்பரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா என்று. ரெண்டும் ஒரே ஆள்தான் என்று யார் போய்ச் சொல்ல. கல்லால் அடித்துக் கொன்றார்கள் அவரை. எந்த எலும்பின் சில்லு இது என்று யாருக்கும் தெரியாது. கையா, காலா. தாடையாகவும் இருக்கலாம். கல் அங்கேதானே முதலில் படும்.

தாடை. அந்த நினைப்பு வந்தால் போகாது. ஆஸ்பத்திரியில் அறுத்து முடித்ததும் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, மெற்றில்டா ஆளு யாரு என்றாள். எழுந்தேன். கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தாள். வெள்ளை பிளாஸ்டிக், மூடியைச் சுற்றி பிளாஸ்திரி, மேலே பேர். பின் கட்டிடத்தில் பரிசோதனைக்குக் கொடுக்கணும், சாய்க்காம கொண்டு போங்க என்றாள். அங்கே வழக்கம் அப்படித்தான், கூட வந்தவர்கள்தான் எடுத்துக்கொண்டு போவார்கள், எனக்கு முன்னால் ஒருவன் அவன் அப்பனுடைய எதையோ எடுத்துக்கொண்டு போனான். என் கையில் இருந்த டப்பா வழியாக வெளிச்சம் தெரிந்தது. மருந்துத் தண்ணீர். அதில் கிடந்தது. வெற்றிலைக் காவி ஏறின பல் ஒன்று அதிலேயே இருந்தது. நாற்பது வருசம் எனக்கும் சேர்த்துப் பேசின தாடை. நான் இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். வெயில். வளாகத்தில் சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். தள்ளுவண்டியில் ஆளை வைத்துத் தள்ளி வந்தவன் என்னைப் பார்த்ததும் ஓரமாய் நிறுத்தினான். ஊர்வலத்தில் சாமியார் இப்படித்தான் பிடிப்பார், இப்படித்தான் நடப்பார் என்று அப்போதே தோன்றியது. எனக்குக் குடை இல்லை, கொட்டு இல்லை. கொடுத்துவிட்டு வெளியே வந்து குழாயடிக்குப் போனேன், கை கழுவ. தண்ணீரைத் திறந்தேன். கழுவாமல் மூடிவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பத்து நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டு, எல்லாம் வந்துட்டு பெரியவரே, ஓரத்துல மிச்சம் ஒண்ணும் இல்ல, பிழைச்சுக்கிடுவாங்க என்றார். காலில் விழலாம் போல இருந்தது. நான், ம் என்றேன். நன்றி மட்டும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த ம் என்கிறதுக்கு இரண்டு உதடும் வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இவ்வளவு காலம் அவள் ஊர்க்கதை சொல்லச் சொல்ல நான் போட்டதெல்லாம் அந்த ஒற்றை எழுத்துத்தான். அவளுக்கு அதுகூட வராது இனி. நானும் வீட்டில் விட்டுவிட்டேன். சரி என்கிறேன். அடுத்தது. அடுத்தது.

ஆஸ்பத்திரியிலேயே பேசப் பழக்குவதற்கு ஒரு பெண் வந்தாள், சின்னப் பிள்ளை, கண்ணாடி போட்டவள். உங்க பேரைச் சொல்லுங்கம்மா என்றாள். மெற்றிக்கு அவள் பேரே வரவில்லை. முதல் எழுத்திலேயே காற்றாய்ப் போயிற்று. மறுபடியும். மறுபடியும் காற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் சளைக்காமல், சரி விடுங்க, வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க என்றாள். எனக்குத் தெரியும், சொல்லமாட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொன்னதில்லை. ரேசன் கடையில் கேட்டால்கூட என்னை இழுத்து முன்னால் நிறுத்துவாள். என்னைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். கயித்தான் என்றாள். ஒரு எழுத்து சிதறவில்லை. கோயில் மணி மாதிரி விழுந்தது. கயித்தான் என்று இன்னொரு தரம் சொன்னாள். வந்துவிட்டதே என்று அவளுக்கே ஆச்சரியம், மூன்றாம் தரமும் சொன்னாள். போதும் போதும் என்றேன் நான், பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. அந்தப் பேரை எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் கயிறு, துறைமுகத்தில் கயித்தான் கயிறு இழுக்கான். வின்ச் ஓட்டுகிறவனுக்கு அப்படி ஒரு பேர். எந்த நேரத்தில் வைத்தாளோ என்று எங்கள் அம்மாவை வைதிருக்கிறேன். அன்றைக்கு அந்த வார்டில் நின்று, உதடு படாத பேராகப் பார்த்து வைத்தாளே மகராசி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மெற்றி பேச்சைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிறாள். உதட்டில் முட்டுகிற சொல் வந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். மீன் என்று வராது. நெத்திலி வரும், சாளை வரும், சூடை வரும், சீலா வரும். வாளை வராது, பாறை வராது. அவள் கேட்க முடிகிற மீனைத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். ஆமென் வராது. செபம் முடிந்ததும் சரி என்பாள். ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்ளாமலா போவார். யேசு வரும். முடியப்பர் சுத்தமாய் வராது. அவரிடம் என்ன சொல்லிக் கும்பிடப்போகிறாள். முத்தி என்கிற சொல்லே வராது. ஐந்தாம் வகுப்பில் எங்கள் தமிழ் வாத்தியார் திருநீறு பூசுகிறவர், நாளைக்குக் கோயிலில் முத்தி செய்யணும், லீவு வேணும் சார் என்றால் சிரிப்பார். முத்தி கிடைக்கும்டா, அதைச் செய்ய முடியாதுடா என்பார். நாங்கள் முத்தத்தைச் சொல்கிறோம், அவர் மோட்சத்தைச் சொல்கிறார். இரண்டும் ஒரே எழுத்து, இரண்டுக்கும் உதடு வேண்டும்.

வந்துவிட்டாள். தூணுக்கு அந்தப் பக்கம், வரிசையில். முகம் எனக்குத் தெரியாது, கால் தெரிகிறது, அந்த நீலக் கரைச் சேலை தெரிகிறது. நடுவில் ஏழெட்டுப் பேர். அடுத்தது. அவளுக்குப் பின்னால் யார் என்று பார்த்தேன். பார்த்திருக்கவேண்டாம். கையில் வெள்ளைக் கைக்குட்டை. தெக்கிலா மதினி. எதிர்வீடு. உப்பையும் கழுவித்தான் உலையில் போடுவாள் என்று ஊரில் சொல்லுவார்கள். வருசா வருசம் என் முன்னால் வந்து நின்று, துணியத் திருப்பும் கொழுந்தனாரே, அந்தப் பக்கம் ஈரமா இருக்கு என்பாள். திருப்புவேன். இன்னொரு தரம் என்பாள். இன்னொரு தரம் துடைப்பேன். அதற்கும் பிறகு தன் கைக்குட்டையால் ஒரு தரம் அவளே துடைப்பாள். வாயைக் கண்ணாடியில் வைத்தாளா, காற்றில் வைத்தாளா என்று முடியப்பருக்கே சந்தேகம் இருக்கும். மெற்றியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றாள், உட்காரவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். அந்தத் தம்ளர் ஆறிப்போய் இருந்ததை மெற்றி ராத்திரி வரைக்கும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இன்றைக்கு அவள்தான் மெற்றிக்குப் பின்னால். வேறு ஆளே இல்லையா இந்த ஊரில். சட்டைப்பையில் இன்னொரு துணி வைத்திருக்கிறேன். புதுசு, கொதிநீரில் போட்டுக் காயவைத்தது. மெற்றி குனிவதற்கு முன்னால் அதால் துடைக்கவேண்டும், கண்டவன் எச்சில் அந்தத் தையலில் படக்கூடாது, டாக்டர் சொன்னது. அது சரி. முன்னால் துடைப்பது சரி. பிறகு? பிறகுதான் பிடிபடவில்லை. அவள் வாய் எடுத்ததும் துடைத்தால், பார் கட்டின புருசனே எப்படித் துடைக்கிறான் என்று இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் இருக்கும். எல்லாருக்கும் துடைக்கிறவன்தானே நான், அவளுக்கும் துடைக்கிறேன், என்ன இப்போது. துடைக்காவிட்டால் பின்னால் இருக்கிறவள் சும்மா இருப்பாளா. துடையும் என்பாள். ஊர் கேட்க. திருப்பித் துடையும் என்பாள். கைக்குட்டையை எடுப்பாள். அதை மெற்றி திரும்பி நின்று பார்ப்பாள். அதோடு சரி, பிறகு அவள் செத்தால்தான் இந்தக் கோயிலுக்குள் வருவாள். துடைக்கவா, விடவா. அடுத்தது. வெற்றிலை வாய், என்னடா இன்னும் போடுகிறாய் என்று வந்தது, சொல்லவில்லை. துடைத்தேன். கழுவாத கையோடு வந்தவன் நான். குழாயை மூடிவிட்டு வந்தவன். இதில் என்ன யோசனை. அடுத்தது.

நீலக் கரை. நின்றாள். சாமியாருக்குத் தெரியாது யார் என்று, துண்டைப் பார்த்துவிட்டு அருளிக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். நல்ல பிள்ளை. முடியாதவர்களுக்குத் தாழ்த்திப் பிடிக்கிற பழக்கம் மலையிலும் இருக்கிறது போல. பையிலிருந்து புதுத் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். வட்டமாய், ஓரம் வரைக்கும். உள்ளே அந்தக் குறுணை தெளிவாய்த் தெரிந்தது. மெற்றி துண்டை இறக்கினாள். கோயிலுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஓடிக்கொண்டேதான் இருந்தது, எனக்குக் கேட்கவில்லை. குனிந்தாள். உதடு குவியாது அவளுக்கு. வாய் திறந்தபடி கண்ணாடியின் மேல் சாய்ந்தது, களைத்தவள் தலையணையில் சாய்கிற மாதிரி. நேரம் எடுத்தாள். என்ன சொன்னாள் என்று தெரியாது, ஏதோ சொன்னாள், கண்ணாடியில் மூச்சு படர்ந்து அடங்கிற்று. நிமிர்ந்தாள். எச்சில் வட்டத்தை நிறைத்து, கீழ்க் கதிரில் இறங்கி, சம்மனசு ஒன்றின் கன்னத்தில் நின்றது. துண்டை ஏற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்திருப்பாள், எனக்குத்தான் கழுத்து நிமிராதே.

"தொடைங்க" என்றாள்.

உதடு படாத சொல். சுத்தமாய் வந்தது. துணி கையில் இருக்கிறது, கை கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, போகமாட்டேன் என்கிறது. முப்பது டன் சரக்கைக் கப்பலுக்குள் பூப்போல இறக்கின கை. சாமியார் காத்திருக்கிறார். வரிசை நிற்கிறது. மெற்றி நகரவில்லை, அவளும் நிற்கிறாள், என் கையைத்தான் பார்க்கிறாள் போல. தெக்கிலா மதினி முன்னால் வந்துவிட்டாள். அவள் கையில் கைக்குட்டை, நாலாய் மடித்து, வெள்ளை. வந்தது வந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்லப்போகிறாள். மதினி குனிந்தாள். மூக்குக்கண்ணாடி கதிரில் இடித்துக் கிண் என்றது. ஈரத்தின் மேல் வாயை வைத்தாள். காற்றில் இல்லை, கண்ணாடியில். அழுத்தி. எடுத்தாள். வாயில் ஈரம் மின்னிற்று. கைக்குட்டை கையில் அப்படியேதான் இருந்தது.

"என்ன கொழுந்தனாரே, கையில வாதமா? தொடையும். எனக்குப் பிந்தி வாறவனுக்குச் சுத்தமா வேண்டாமா?"

ஊர் கேட்கத்தான் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். மெற்றியின் கையை எட்டிப் பிடித்தாள்.

"வா மெற்றி. இவரு நின்னு துருப்பிடிக்கட்டும். அன்னைக்கு உன் வீட்டுல காப்பி குடிக்கல, தொண்டை அடைச்சிட்டு. இன்னைக்கு நீ போட்டுத் தா."

மெற்றி ஏதோ சொன்னாள், சிரிப்பும் காற்றுமாய். நடந்துவிட்டார்கள். தொண்டை அடைத்துவிட்டதாம். இத்தனை மாதம் அந்தத் தம்ளரை வேறு விதமாய்ச் சுமந்துகொண்டிருந்தேன். நானும் டாக்டர் முன்னால் அப்படித்தானே நின்றேன். சரி மதினி என்றேன். நீலக் கரை தூணைத் தாண்டிப் போய்விட்டது, யாருக்குக் கேட்டிருக்கும். சாமியார் மெள்ள, தாத்தா என்றார். துடைத்தேன். வட்டம், பிறகு கதிர், பிறகு அந்தச் சம்மனசின் கன்னம். திருநாள் முடிந்ததும் முத்தித் துணியைக் கேட்டுப் பெண்கள் வருவார்கள், கிழித்து ஆளுக்கு ஒரு துண்டாய் எடுத்துப்போய்க் காய்ச்சல் பிள்ளைகளின் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். துணியில் என்ன இருக்கு, எச்சில்தானே இருக்கு என்று நான் ஒவ்வொரு வருசமும் அவர்களை வைவேன். வைதுகொண்டே கொடுப்பேன். புதுத் துணியை, நனைந்த பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்தேன். இன்னொரு மடிப்பு மடித்தேன். சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன். பழைய துணியைக் கையில் எடுத்தேன்.

அடுத்தது.